தவளையின் தலைக்குள் ஒரு கோழி

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த சிங்கி இறால் வடிவக் காந்தத்தை லோர்னா டிரெசைஸ் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்ததுமே அவள் கணவன் கெல்வினுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னிக்கு ஏதோ ஒரு இரும்பு நம்ம வீட்டுக்கு வரப்போகுது," என்றான்.

"ஏதோ ஒரு இரும்பு இல்ல. அந்த இரும்பு."

கெல்வின் ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "ஆல்ஃப் கடைசியில விக்கறானா?"

"பண்ணையையே கலைக்கறான். எல்லாம் ஏலம். எழுந்திரு, எழுந்திரு! வண்டியில ஏறி மென்னுக்கலாம்."

கடினா என்ற எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியே ஓய்வு பெற்றவள் லோர்னா. ஊரில் பாதிப் பேர் அவள் வண்டியில்தான் படிக்கப் போனவர்கள். பின் இருக்கையில் சண்டை போட்டவன் யார், ஜன்னல் வழியே வாந்தி எடுத்தவன் யார் என்று அவளிடம் இன்றும் கணக்கு உண்டு. அவர்களில் ஒருவன் இப்போது எங்கள் நகராட்சித் தலைவர். வாந்திக் கணக்கில் வருகிறவர்.

ஆனால் அவள் ஆசைப்பட்டது பேருந்து ஓட்ட அல்ல. பதினாறு வயதில் அவள் பென்ஹேல் டிங்கரிங் பட்டறைக்குப் போய், தொழில் பழக இடம் கேட்டாள். அப்பாவின் டிராக்டர் மட்கார்டைத் தானே தட்டி நேராக்கி, அதைக் கையோடு சுமந்துகொண்டு போயிருந்தாள். கிழவர் பென்ஹேல் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், குறை எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே வேறொன்றைக் கண்டுபிடித்தார்.

"இங்க பொம்பளைங்களுக்குக் கழிப்பறை இல்லையே, கண்ணு."

"எதிர்த்த கடையில இருக்கு. நான் அங்க போய்க்கறேன்."

"அது சரிப்படாது."

பட்டறைச் சுவரில் தொங்கிய காலண்டரில் பன்னிரண்டு பெண்கள் துணியில்லாமல் நின்றார்கள். அவர்கள் யாருக்கும் கழிப்பறை தேவைப்பட்டதில்லை போலும். சுவரில் பெண்ணுக்கு இடம் இருந்தது; தரையில் இல்லை. உலகத்தில் பாதிப் பேருக்கு வேலை மறுக்க ஒரு பீங்கான் தொட்டி போதும் என்று கண்டுபிடித்தவனுக்கு யாராவது சிலை வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் காக்கைகளாவது அதற்குரிய மரியாதையைச் செய்திருக்கும்.

அன்று பட்டறை முற்றத்தில்தான் அந்த வண்டி நின்றது. பச்சை நிற ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட். இரண்டு பேர் உட்காரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார். மூக்கின்மேல் இரண்டு விளக்குகள் உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்பதால் அதைத் தவளைக்கண் வண்டி என்பார்கள். விளக்கு, மூக்கு, முன்சக்கர மூடிகள் எல்லாம் ஒரே தகட்டுக் கவிப்பு. முன்னாலிருந்து தூக்கினால் முதலை வாய் பிளப்பதுபோல மொத்த முகமும் மேலே எழும். ஆல்ஃபின் அண்ணன் ரெக்ஸ் அதை அவர்கள் பண்ணைக் கல்தூணில் மோதியிருந்தான். இடது கண் உள்ளே போய்விட்டது. கண்ணடித்துவிட்டு அப்படியே உறைந்துபோன தவளை.

பச்சை வண்டி ராசியில்லை என்றது ஊர். ஊர் அப்படித்தான் சொல்லும். கல்தூண் அங்கேயே நின்றது, ரெக்ஸின் வயிற்றில் ஆறு பாட்டில் பீர் இருந்தது, பிரேக்கில் ஒன்றுமே இல்லை. இவ்வளவு காரணங்கள் வரிசையில் நிற்கும்போது, பாவம், நிறத்தைப் பிடித்துக் கூண்டில் ஏற்றினார்கள்.

"இந்த மூக்கை என்னால நேராக்க முடியும்," என்று பதினாறு வயது லோர்னா கிளம்பும் முன் அந்த வண்டியைக் காட்டிச் சொன்னாள்.

கிழவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் மகன் கிரேமும் சிரித்தான். அவனுக்கும் அப்போது அதே வயது. அந்த வேலை அவனுக்குத்தான் கிடைத்தது.

மோதலில் முறிந்த ரெக்ஸின் காறை எலும்பு கூடியது, அவன் பெர்த் பக்கம் போய்விட்டான், வண்டி பண்ணைக் கொட்டகைக்குத் திரும்பியது. அதன்பிறகு லோர்னா பலமுறை விலைக்குக் கேட்டுப் பார்த்தாள். "ராசியில்லாததை உன் தலையில கட்ட மனசு வரல," என்று ஆல்ஃப் ஒவ்வொரு முறையும் தட்டிக் கழித்தார். அந்த மூக்கை நேராக்காமல் செத்தால் தன் முகமே கோணலாகிவிடும் என்று லோர்னா கெல்வினிடம் சொல்லுவாள். விளையாட்டாகத்தான் சொல்லுவாள். கெல்வின் சிரிக்க மாட்டான்.

பண்ணையில் கூட்டம் நெரிந்தது. மேய்ச்சல் நிலத்தில் சாமான்களை வரிசை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். முதலில் சில்லறைச் சாமான், பிறகு கருவிகள், கடைசியில் டிராக்டரும் வண்டிகளும். ஏலக்காரர் வரிசையோடு நடக்க, கூட்டமும் அவர் பின்னால் நகரும். லோர்னா நேரே கொட்டகைக்கு ஓடினாள்.

தார்ப்பாயை உருவினாள். வண்டி இருந்தது. கதவுகள், தரை, பின்புறம், எஞ்சின், எல்லாம் எலி எச்சத்தோடு இருந்தன. முகத்தைக் காணோம்.

அவள் காந்தத்தை எடுத்து உடம்பெங்கும் ஒட்டிப் பார்த்தாள். அடியில் இரும்பு இருந்தால் இறால் கவ்விக்கொள்ளும். பட்டி பூசி மறைத்திருந்தால் வழுக்கி விழும். எங்கும் விழவில்லை. கழுத்துக்குக் கீழே வண்டி சுத்தமான இரும்பு.

"தலை எங்க?" என்று கெல்வினை உலுக்கினாள்.

"ஏலக்காரர்கிட்ட கேட்டேன். வண்டியோடது எல்லாம் இந்தப் பண்ணைக்குள்ளதான் எங்கயோ கிடக்குதாம்."

இருவரும் கொட்டகை கொட்டகையாகப் புகுந்து தேடினார்கள். ஆட்டுரோமக் கொட்டகை, உரக் கொட்டகை, ஆல்ஃபின் படகு, எதிலும் இல்லை. அதற்குள் மாதர் சங்கத்துக்காரர்கள், இறைச்சியை மாவுக்குள் மடித்துச் சுட்ட பேஸ்டிகளின் பெட்டிகளைத் திறந்துவிட்டார்கள். காற்றில் மாட்டிறைச்சியும் மிளகும் மணத்தன. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த மணம் வந்தால் கால் தானாகத் திரும்பும். தாமதித்தால் தீர்ந்துவிடும், தீர்ந்தால் அந்த வருஷமே வீண்.

"நீ சில்லறை வரிசையைப் பாத்துக்கோ. முகம் மாதிரி எது கண்ணுல பட்டாலும் கையைத் தூக்கு," என்று கெல்வினை அனுப்பிவிட்டு லோர்னா பேஸ்டி வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் நின்றவர் கிரேம் பென்ஹேல். இப்போது பட்டறை அவருடையது. சட்டைப் பையில் 'பென்ஹேலும் மகன்களும்' என்று நூலால் தைத்திருந்தது. அவருக்குப் பிறந்தவர்கள் இரண்டும் பெண்கள். ஆனாலும் அந்தப் பெயரை அவர் மாற்றவில்லை.

"என்ன லோர்னா, பச்சைத் தவளைக்கா வந்தே?"

"பேஸ்டிக்கு வந்தேன்."

"நானும்தான்," என்று புன்னகைத்தார். அதிகமாகவே புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்குக் காரணம் இருந்தது. முகம் எங்கே இருக்கிறதென்று காலையிலேயே அவர் பார்த்துவிட்டார். சில்லறை வரிசையின் கோடியில், தட்டுமுட்டுகளோடு கிடந்தது. அதற்கு யார் போட்டிக்கு வரப்போகிறார்கள்? சாப்பிட்டுவிட்டுப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் மழை வருகிறது என்று யாரோ சொல்ல, ஏலக்காரர் சில்லறை வரிசையைக் குதிரை ஓட்டமாக ஓட்டி முடித்துவிட்டார். ஊரே பேஸ்டிக்கு நிற்க, வரிசையின் கோடியில் ஒரே ஒரு பெண்மணிதான் நின்றாள்: கொன்செட்டா ருகாரி, காய்கறித் தோட்டக்காரி. அவள் பேஸ்டிக்கு நிற்பதில்லை. வீட்டிலிருந்து ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் கொண்டுவந்திருந்தாள். மென்றுகொண்டே கையைத் தூக்கினாள். வேறு எந்தக் கையும் எழவில்லை.

கெல்வின் என்ன செய்தான் என்கிறீர்களா? வரிசையின் பாதியில் ஒரு பெட்டி பழைய ஸ்பானர்களைக் கண்டு அப்படியே குந்திவிட்டான். அவன் தலை நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கடைசியில் தவளை ஏலத்துக்கு வந்தது. கிரேம் கேட்டார், லோர்னா ஏற்றினாள், கிரேம் கேட்டார், லோர்னா ஏற்றினாள். திடீரென்று அவர் கையைக் கீழே போட்டார்.

"எடுத்துக்கோ கண்ணு. தலையில்லாத தவளை. பைபர் தலை ஒண்ணு வாங்கி மாட்டு, யாருக்குத் தெரியப்போகுது? அலுத்துப்போனா எனக்கு போன் பண்ணு."

சுத்தியல் விழுந்தது. வண்டி அவளுடையது! லோர்னா கெல்வினின் ஸ்பானர் பெட்டியோடு அவனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. உடனே அவள் ஆல்ஃபிடம் ஓடினாள்.

"ஆல்ஃப், இதோட முகம் எங்க?"

"முகமா? அதை அந்தக் காலத்துலயே கோழிக்கூண்டுக்குக் கூரையாப் போட்டுட்டேனே. அதோ போகுது பாரு."

பண்ணை வாசலில் ஒரு பிக்கப் வெளியேறிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஒரு கூண்டு. கூண்டின்மேல், பின்னோக்கியபடி, பச்சை முகம். ஒரு கண் உருண்டை, ஒரு கண் நசுங்கல். போகிற போக்கில் லோர்னாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அது புழுதிக்குள் மறைந்தது.

லோர்னா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. ஆல்ஃப் பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை அவள் கொன்செட்டாவின் தோட்டத்தில் நின்றாள். கொன்செட்டா மண்வெட்டியோடு வந்து எல்லாவற்றையும் கேட்டாள். கழிப்பறைக் கதை உட்பட.

"பொம்பளை ஒதுங்க இடமில்லையாமா?" அவள் மண்வெட்டியைத் தரையில் குத்தினாள். "அவங்களுக்கு மட்டும் என்ன, உலகம் பூரா சுவரா?"

"அதேதான்! நானும் அதையே கேட்டிருக்கணும். அன்னிக்குத் தோணல."

"கூரையைத் தர்றேன்டி. ஆனா இப்ப முடியாது. குனிஞ்சு பாரு."

லோர்னா குனிந்து பார்த்தாள். நசுங்கிய கண்ணுக்கு நேர்கீழே, கூண்டின் மூலையில், வைக்கோல் பரப்பி, ஒரு செங்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது லோர்னாவின் மூக்கை ஒரே கொத்தாகக் கொத்தியது.

"ஏலத்துக்கு முந்தின நாள் அடைக்கு உட்கார்ந்தவ, அப்படியே கூண்டோட வந்துட்டா, மகராசி. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. மூணு வாரம்."

"இவ்வளவு காலம் காத்தாச்சு. மூணு வாரம் என்ன," என்றாள் லோர்னா மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

அப்போதுதான் ஒரு லாரி வந்து நின்றது. அதன்மேல் புத்தம்புதிய கோழிக்கூண்டு, தகரக் கூரையும் பலகை ஏணியுமாகப் பளபளத்தது. கிரேம் இறங்கினார். லோர்னாவைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கொன்செட்டாவைத் தாண்டித் தோட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"வணக்கம்மா. முதலாளி இருக்காரா?"

லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடக்கூடாதே என்றுதான்.

"இருக்காங்களே," என்றாள் கொன்செட்டா. "உள்ள முட்டைமேல உட்கார்ந்திருக்காங்க. தொந்தரவு பண்ணக்கூடாதாம்."

"இல்லம்மா, உங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். பழைய கூண்டுக்குப் புதுக் கூண்டு கொண்டாந்திருக்கேன். அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா முடிஞ்சுடும்."

"நீனோ!" என்று கொன்செட்டா கத்தினாள். அவரைக்காய்ப் பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு வைக்கோல் தொப்பி எழுந்தது. "இவருக்கு உன்கூட கூண்டு வியாபாரம் பேசணுமாம்!"

"எனக்கு ஏது கூண்டு?" என்றார் நீனோ. "நிலம் அவளோடது, கோழி அவளோடது, தொப்பிகூட அவ வாங்கினது. அவகிட்டயே கேளுப்பா." தொப்பி மறுபடி பந்தலுக்குப் பின்னால் இறங்கியது.

"போன வருஷம் என் பிக்கப் கதவை உன் பட்டறைக்குக் கொண்டாந்தேன்," என்றாள் கொன்செட்டா நிதானமாக. "நான் கேள்வி கேட்டேன். நீ பதிலை நீனோகிட்ட சொன்னே. நான் பணம் குடுத்தேன். நீ ரசீதை நீனோ கையில குடுத்தே. அன்னிக்கே எனக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு. நான் உன் கண்ணுக்குத் தெரியறேனா, இல்லையா?"

கிரேம் வாயைத் திறந்தார். எங்கள் ஊரில் அவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீயணைப்புப் படையில் இருக்கிறார், அடுத்தவர் வேலிக்குக் கம்பி கட்டிக் கொடுப்பார். அதுதான் கொடுமை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு செய்கிற அநியாயத்தை எதிர்த்துவிடலாம். சிரித்த முகத்தோடு, தெரியாமலே, பரம்பரையாகச் செய்கிற அநியாயத்துக்கு எந்தப் பக்கம் கைப்பிடி என்றே தெரியாது. கொன்செட்டா கைப்பிடியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நான்... அப்படி நினைச்சுப் பண்ணலம்மா," என்றார்.

"நினைக்கவே இல்ல. அதான் சொல்றேன். கூண்டு நல்லா இருக்கு, திருப்பி எடுத்துட்டுப் போ. கூரை லோர்னாவுக்கு." பிறகு லோர்னாவிடம் திரும்பி, "ரெண்டு நிபந்தனை. அந்தக் கதவு இன்னும் கிறீச்னு கத்துது, நீ சரி பண்ணணும். அப்புறம், தவளை ஓடினா முதல் சவாரி எனக்கு."

லாரி, பளபளக்கும் கூண்டைச் சுமந்துகொண்டு, வந்த வழியே போனது.

மூன்று வாரமும் லோர்னா அங்கேதான் கிடந்தாள். கதவை முதல் நாளே சரிசெய்துவிட்டாள். மிச்ச நாளெல்லாம் கூண்டுக்குள் மல்லாந்து படுத்து, தகடு எங்கே மடிந்திருக்கிறது, எங்கே இழுபட்டிருக்கிறது என்று விரலால் படித்தாள். கோழி அவள் காதைக் கொத்தியது, முடியைப் பிடுங்கியது, கடைசியில் சலித்துப்போய் அவள் வயிற்றின்மேல் ஏறி நின்று கொக்கரித்தது. குஞ்சுகள் வெளியே வந்த அன்று நான்கு பேருமாகக் கூரையைக் கழற்றினார்கள். நீனோ மாதுளைச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். கெல்வின் ஸ்பானர் பெட்டியின் பயனை நிரூபித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

பிறகு தட்டல். கோடை முழுக்கத் தட்டல். ஒரு கையில் இரும்புக் கட்டி உள்ளே, மறு கையில் சுத்தியல் வெளியே. இழுபட்ட இடத்தை நெருப்பால் செந்நிறமாக்கி, ஈரத்துணியால் ஒற்றினால் தகடு 'டப்' என்று சுருங்கும். ஒவ்வொரு 'டப்'புக்கும் லோர்னா கொட்டகைக்குள் ஒரு குதி குதிப்பாள்.

"கோயில் மணி மாதிரி இருக்குன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க," என்பான் கெல்வின்.

"பூசை இல்லாத கோயில்னு சொல்லு. யார் வேணா வரலாம்."

ஒரு சாயங்காலம் அவள் கண்ணை மூடி, மூக்கின்மேல் உள்ளங்கையை வைத்து, வலக்கண்ணிலிருந்து இடக்கண்ணுக்கு மெல்ல இழுத்தாள். கை எங்கும் தடுக்கவில்லை. மறுபடி இழுத்தாள். தடுக்கவில்லை. அவள் கொட்டகையை விட்டு வெளியே வந்து, கோதுமை அறுத்த வெற்று நிலத்தில், அறுபத்தாறு வயதுக்காரி, கையை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினாள். கெல்வின் பின்னாலேயே ஓடி, மூச்சு வாங்கி, பாதியில் உட்கார்ந்துவிட்டான்.

என்ன நிறம் பூசுவது என்பதில் பேச்சே இல்லை. பச்சை. முன்பைவிடப் பச்சை. பிரேக்கும் இந்த முறை பிடித்தது.

சாலையில் ஓட்ட அனுமதி கிடைத்தது மே மாதம். லோர்னா வண்டியைக் கொன்செட்டாவின் தோட்டத்துக்கு ஓட்டினாள். கொன்செட்டா தலையில் சிவப்புத் துணி கட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள்.

"கடலுக்கா?"

"கடலுக்குத்தான். வழியில ஒரு இடத்துல நிக்கணும். எனக்கு அவசரம்."

பென்ஹேல் பட்டறை முற்றத்தில் தவளை உறுமிக்கொண்டு நுழைந்தது. உள்ளேயிருந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். கடைசியாகக் கிரேம். அவர் வண்டியைச் சுற்றி நடந்தார். இடது கண்ணுக்கு எதிரே மண்டியிட்டார். தடவினார். வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தார். அவர் அப்பா பார்த்த அதே மாதிரி.

"நல்லாப் பட்டி பூசியிருக்கே," என்றார் மெதுவாக.

லோர்னா சட்டைப் பையிலிருந்து சிங்கி இறாலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் அதைக் கண்ணின் விளிம்பில் வைத்தார். ஒட்டியது. மூக்கில் வைத்தார். ஒட்டியது. கல்தூண் மோதிய இடத்தில், மடிப்பின் நடுவில், கோழி உட்கார்ந்த இடத்துக்கு நேர்மேலே இருந்த பகுதியில் வைத்தார். இறால் 'டக்' என்று கவ்விக்கொண்டது. ஊசி அளவு பட்டியும் இல்லை. கிரேம் இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையாட்களும் இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி லோர்னா...?" என்றார் கடைசியில். 'கண்ணு' காணாமல் போயிருந்தது.

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன். முதல்ல இதைச் சொல்லு. பொம்பளைங்களுக்குக் கழிப்பறை இப்ப இருக்கா?"

கிரேம் எழுந்தார். முகம் மெல்லச் சிவந்தது. "இருக்கு. ஆபீஸ் பக்கத்துல. இடது கை பக்கம்."

"சாவி வேணுமா?"

"வேண்டாம். திறந்துதான் இருக்கு."

லோர்னா நிமிர்ந்து நடந்து, பட்டறையின் நடுவாக, தூக்கி நிறுத்திய வண்டிகளுக்கு இடையே போனாள். சுவரில் இப்போது காலண்டர் இல்லை. அது தொங்கிய ஆணி மட்டும் இருந்தது. கதவு சாத்திக்கொண்டது. அவள் அவசரப்படவே இல்லை. வெளியே கொன்செட்டா பொறுமையிழந்து ஹாரனை அழுத்தினாள். தவளை வாத்துக் குரலில் கத்தியது. வேலையாட்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான், பிறகு எல்லாருமே.

உள்ளே தண்ணீர் பெருஞ்சத்தத்தோடு இறங்கியது.

லோர்னா கையை உதறிக்கொண்டே வந்து வண்டியில் ஏறினாள். "நல்ல கழிப்பறை, கிரேம்," என்றாள். "உங்கப்பா கட்டியிருக்கலாம்."

தவளை முற்றத்தைவிட்டு வெளியேறிக் கடல் சாலையில் திரும்பியது. மூக்கின்மேல் சிங்கி இறால் இன்னும் கவ்விக்கொண்டேயிருந்தது. காற்று எவ்வளவு அடித்தும் விழவில்லை.